லைட் செட்காரரின் டிரம்மும் என் பேத்தியின் ஆர்டுயினோவும்



ஆடி மூன்றாம் வெள்ளியன்று எங்கள் தெரு மாரியம்மன் கோயில் வாசல் வளைவை வீடியோ எடுத்துப் போட்டிருந்தேன் அல்லவா? நிறம் மாறி மாறி ஓடும் விளக்கு. "எந்த லைட் செட் சார், எவ்வளவு கேட்டாங்க?" என்று திண்டிவனத்திலிருந்து இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். சென்னையிலிருக்கும் என் மச்சினர் "சீனா மாலா மாமா?" என்று ஒரு சிரிப்புப் படத்தோடு கேட்டிருந்தார்.

கட்டியது என் பேத்தி. ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன், இரண்டு இடத்தில் ஈயம் வைத்தேன், மூன்று இடத்தில் தப்பு செய்தேன். அதைப் பற்றி நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தால் அறுபது வருடக் கதை வருகிறது. நடுவில் நான் செய்த வேறொரு தப்பும் வருகிறது. நீளமான பதிவு. காபியை வைத்துக்கொண்டு படியுங்கள்.

என் சின்ன வயதில் விக்கிரவாண்டிப் பக்கம் எங்கள் ஊரில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் விளக்கு என்பது பெட்ரோமாக்ஸ்தான். கூத்து மேடைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. காற்று குறைந்தால் வெளிச்சம் மங்கும். துரியோதனன் வசனத்தின் நடுவில் ஒருவர் வந்து நாலு தடவை பம்ப் அடித்துவிட்டுப் போவார், கூத்து நிற்காது. அந்த லைட்டில் எரிவது துணி மாதிரித் தெரியும் மேண்டில். 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் செந்தில் கையில் படாதபாடு பட்ட அதே மேண்டில்தான். அதன் வெளிச்சத்துக்குக் காரணம் அதில் ஊறியிருக்கும் தோரியம். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் உள்ள மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அன்று அது திருவிதாங்கூர். அங்கிருந்து மணல் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனது. அந்த நாட்டு மேண்டில்களில் நம் குமரிக் கடற்கரையும் கொஞ்சம் எரிந்திருக்கிறது. வகுப்பில் இதைச் சொன்னதாக நினைவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

1962இல் நெய்வேலி அனல் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. நெய்வேலியும் நாமும் அப்போது ஒரே தென்னாற்காடு மாவட்டம். விழுப்புரம் தனி மாவட்டம் ஆனது 1993 செப்டம்பர் 30இல்தான். நான் ஆறாவது படிக்கும்போது எங்கள் ஊருக்குக் கம்பம் நட்டார்கள். கரண்டு வந்த இரண்டாம் வருடமே திருவிழாவுக்கு சீரியல் செட் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு மின்விசிறி வர அதற்கப்புறம் எத்தனையோ வருடம் ஆனது. எது முதலில் வர வேண்டும் என்று ஊர் தெளிவாகத்தான் இருந்தது.

சீரியல் செட் என்ற பெயரை நாம் சும்மா சொல்லிவிட்டுப் போகிறோம். தொடரிணைப்பு, அதாவது 'சீரீஸ்' என்பதுதான் அந்தப் பெயர். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். பல்பு ஒவ்வொன்றும் 6 வோல்ட். 230ஐ 6ஆல் வகுத்தால் 38 சொச்சம். ஏறக்குறைய அத்தனை பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் ஆளுக்குக் கொஞ்சமாக வோல்டேஜைப் பங்கு போட்டுக்கொள்ளும். ஒன்று ஃபியூஸ் போனால் மொத்த மாலையும் அணைந்துவிடும். அவசரத்தில் போன பல்பை எடுத்துவிட்டு இரண்டு வயரையும் முறுக்கிவிடுவார்கள். மாலை மறுபடி எரியும், மிச்சப் பல்புகள் இன்னும் கொஞ்சம் பளிச்சென்று. இப்படி நாலைந்து தடவை செய்தால் மீதிப் பல்புகளும் சீக்கிரம் போகும். பத்தாம் வகுப்பில் ஓம் விதியை இதைக் காட்டியே நடத்தியிருக்கலாம். நான் கரும்பலகையில் மூன்று மின்தடைகளைப் படம் போட்டு நடத்தினேன். உங்களில் பலர் தூங்கினீர்கள். தப்பு உங்கள் மேல் இல்லை.

விட்டு விட்டு எரிய வைப்பது அடுத்த ஆசை. அதற்கு அன்றைக்கு ஒரு மலிவான வித்தை இருந்தது. டியூப்லைட் ஸ்டார்ட்டரை ஒரு குண்டு பல்போடு தொடராகக் கோர்த்துவிடுவார்கள். ஸ்டார்ட்டருக்குள் இரண்டு உலோகம் ஒட்டிய தகடு உண்டு. சூடானால் வளைந்து தொடும், ஆறினால் விலகும். பல்பு இஷ்டத்துக்குக் கண் சிமிட்டும். அழகுதான். ஆனால் நாம் சொன்ன நேரத்தில் சிமிட்டாது, அதன் நேரத்தில்தான் சிமிட்டும்.

நாம் சொன்னபடி விளக்கைக் கேட்க வைத்தது டிரம். இதைத்தான் இன்றைக்கு விரிவாகச் சொல்ல வேண்டும்.

நான் வேலைக்குப் போன காலத்தில் தினமும் விழுப்புரத்தில் ரயிலேறி முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் தாண்டித் திண்டிவனத்தில் இறங்குவேன். பங்குனி உத்திரம் வந்தால் மயிலம் முருகன் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் நிற்க இடமிருக்காது. ஒரு வருடம் பக்கத்து ஊர்த் திருவிழா ஒன்றில் மயில் ஒன்று தோகை விரிப்பதைப் பார்த்தேன். முழுக்கப் பல்பு. மூங்கில் தப்பையில் கட்டி, முப்பதடி உயரம். முதலில் உடம்பு, பிறகு ஒவ்வொரு இறகாக விரிந்து, முழுத்தோகையும் ஒரு நொடி நின்று, பட்டென்று அணைந்து மறுபடி ஆரம்பிக்கும். ஊரே அண்ணாந்து பார்த்தது. நான் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். வாத்தியார் புத்தி.

பின்னால் ஒரு மேசை மேல் மர உருளை படுத்துக்கிடந்தது. சின்ன மோட்டாரும் பெல்ட்டும் அதை மெதுவாகச் சுற்றின. உருளை மேல் செம்புத் தகட்டைத் துண்டு துண்டாக வெட்டி ஆணி அடித்திருந்தார்கள். எல்லாத் தகட்டுக்கும் ஒரு பக்கத்திலிருந்து கரண்டு வருகிறது. உருளையைத் தொட்டபடி வரிசையாகப் பன்னிரண்டு செம்பு நாக்குகள். ஒவ்வொரு நாக்கிலிருந்தும் ஒரு வயர் மயிலின் ஒரு பாகத்துக்குப் போகிறது. நாக்கின் கீழே செம்பு வந்தால் அந்தப் பாகம் எரியும், மரம் வந்தால் அணையும். தகடு நீளமாக இருந்தால் அதிக நேரம் எரியும். தோகை விரிய வேண்டுமானால் தகடுகளைப் படிக்கட்டு மாதிரி ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் தள்ளி அடிக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். நாக்கு தகட்டை விடும்போதெல்லாம் நீலமாகப் பொறி பறந்தது. பக்கத்தில் லைட் செட்காரர் உப்புத்தாளும் கையுமாக உட்கார்ந்திருந்தார், கரி பிடித்தால் தேய்க்க. அவர் விரல் நுனிகள் எல்லாம் கருகிய தழும்பு.

வங்காளத்தில் சந்தன்நகர் என்று ஓர் ஊர் இருக்கிறது. நம் பாண்டிச்சேரி மாதிரியே பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர். அங்கே ஜகத்தாத்ரி பூஜைக்கு விளக்கில் ஊர்வலமே நடக்கும். ஸ்ரீதர் தாஸ் என்ற கலைஞர் அதில் நாடறிந்தவர். அவர்களும் இப்படி உருளை சுற்றித்தான் விளக்கை ஓட விட்டார்கள். அதற்கும் முன்னால், 1804 வாக்கில் பிரான்சில் ஜக்கார்டு என்பவர் ஓட்டை போட்ட அட்டைகளைக் கோத்துத் தறியைப் பூ நெய்ய வைத்தார். ஆரணி, காஞ்சிபுரம் பட்டுத் தறிகளில் 'ஜக்காடு' என்று சொல்கிறார்களே, அவர் பெயர்தான் அது. ஓட்டை இருந்தால் ஒன்று, இல்லையென்றால் பூஜ்யம். செம்பு இருந்தால் ஒன்று, மரம் என்றால் பூஜ்யம். கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்திராத லைட் செட்காரர் ஆணியும் சுத்தியலும் வைத்துப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார். இது எனக்கு அன்று தெரியாது. போன மாதம்தான் உறைத்தது.

அந்த லைட் செட்காரரின் மகன் என் மாணவன். 1987, பத்தாம் வகுப்பு. திருவிழா மாதங்களில் வாரத்தில் மூன்று நாள் வரமாட்டான். வந்தாலும் கண் சிவந்திருக்கும், ராத்திரியெல்லாம் அப்பாவோடு லைட்டுக் காவல். ஒருநாள் நான் மின்னோட்டம் நடத்திக்கொண்டிருக்கும்போது அவன் நோட்டில் எதையோ கறுப்பு அடித்துக்கொண்டிருந்தான். பிடுங்கிப் பார்த்தேன். பக்கம் முழுக்கக் கட்டம். கீழிருந்து மேலாகப் பன்னிரண்டு வரிசை, குறுக்கே இருபத்துநாலு. சில கட்டங்கள் கறுப்பு, சில வெள்ளை. "என்னடா இது?" என்றேன். "புது டிசைன் சார். வாழைப்பூ விரியுற மாதிரி" என்றான்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு சிவப்புப் பேனாவால் அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடித்தேன். "லைட் கட்டப் போறவனுக்கு எதுக்குடா நோட்டு?" என்று கேட்டேன். பெஞ்ச் மேல் நிற்க வைத்தேன். அந்த வருடம் அவன் அறிவியலில் தேறவில்லை, மறுபடி எழுதவும் வரவில்லை. எனக்கு அதில் உறுத்தலும் ஏற்படவில்லை. அந்த மாதிரி வருடத்துக்குப் பத்துப் பேர் போவார்கள், நாங்கள் பெயரை அடித்துவிட்டு அடுத்த வருடப் பதிவேட்டைத் திறப்போம்.

டிரம்மின் காலம் அதன்பிறகு ரொம்ப நாள் இல்லை. 1972இல் சந்தைக்கு வந்த 555 என்ற ஐசி மெல்ல நம் பக்கமும் இறங்கியது. அதோடு 4017 என்று இன்னொன்று சேரும். 555 தாளம் போடும், 4017 தன் பத்துக் கால்களில் ஒன்றன்பின் ஒன்றாக மின்சாரம் விடும். ரிச்சி தெருவுக்குப் போய் வந்தவர்கள் இதைப் பலகையில் பொருத்தி விற்றார்கள். பொறி இல்லை, உப்புத்தாள் இல்லை. ஆனால் ஓடுவது மட்டும்தான் செய்யும். தோகை விரியாது. பிறகு பட்டனை அமுக்கினால் எட்டு விதமாக மின்னும் மாலை வந்தது, அது எல்லோர் வீட்டிலும் உண்டு.

நிறம் மாற ஏன் இவ்வளவு காலம் ஆனது என்று பேத்தி கேட்டாள். நல்ல கேள்வி. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யை 1962இல் அமெரிக்காவில் நிக் ஹோலன்யாக் செய்துவிட்டார். பச்சையும் மஞ்சளும் பின்னால் வந்தன. நான் பள்ளிக்கூட ஆய்வகத்துக்கு வாங்கிய எல்.இ.டி.கள் எல்லாம் இந்த மூன்று நிறம்தான். பளிச்சென்ற நீலம் மட்டும் முப்பது வருடம் யாருக்கும் மசியவில்லை. 1993இல் ஜப்பானில் நிச்சியா என்ற கம்பெனியில் ஷுஜி நகமுரா அதைச் செய்து காட்டினார். அவருக்கும், அதே வழியில் முன்னால் நடந்த அகாசாகி, அமானோ இருவருக்கும் சேர்த்து 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் இருந்தால்தான் மற்ற நிறங்களைக் கலக்க முடியும். ஒவ்வொன்றையும் 256 அளவில் கூட்டிக் குறைக்கலாம் என்றால் மொத்தம் 1,67,77,216 கலவை. என் மனைவிக்கு அதில் மாம்பழ மஞ்சள் ஒன்றுதான் பிடித்தது. அது தனிக்கதை.

இனி எங்கள் வேலைக்கு வருகிறேன். பேத்தி பள்ளியில் ஒரு 'டிங்கரிங் லேப்' இருக்கிறது. அடல் டிங்கரிங் லேப் என்று 2016க்குப் பிறகு நாடு முழுக்கப் பள்ளிகளில் வந்ததே, அந்த வகை. அங்கே ஆர்டுயினோவைத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். ஆர்டுயினோ 2005இல் இத்தாலியில் இவ்ரியா என்ற ஊரில் பிறந்தது. மாணவர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் பலகை வேண்டும் என்று மாசிமோ பான்சியும் நண்பர்கள் நால்வரும் செய்தார்கள். அவர்கள் கூடும் மதுக்கடையின் பெயரையே வைத்துவிட்டார்கள். கடைக்குப் பெயர் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு ராஜாவுடையது. அதற்கு அடித்தளமான 'வயரிங்' என்பதை அதே ஊரில் 2003இல் படிப்புக்காகச் செய்தவர் எர்னாண்டோ பாரகான் என்ற கொலம்பியா நாட்டு மாணவர். அந்த ஐவர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. மாணவன் நோட்டில் இருப்பது வாத்தியார் கண்ணில் படும் விதம் ஊருக்கு ஊர் வேறுபடும் போலிருக்கிறது.

நாங்கள் வாங்கியது நானோ என்ற சின்னப் பலகை, நாலரை சென்டிமீட்டர் நீளம். கூடவே இரண்டு மீட்டர் எல்.இ.டி. பட்டை, மீட்டருக்கு 60 விளக்கு. டபிள்யூஎஸ் 2812பி என்று பெயர். ஒவ்வொரு விளக்குக்குள்ளும் மூன்று நிறமும் ஒரு குட்டி மூளையும் இருக்கிறது. 120 விளக்குக்கும் செய்தி கொண்டுபோவது ஒரே வயர். எப்படி என்று எனக்குப் பிடிபடவில்லை. அவள் சொன்னாள்: "தாத்தா, நீங்க பரீட்சையில கேள்வித்தாள் குடுப்பீங்கள்ல, முதல் பெஞ்சுல கட்டா குடுத்துடுவீங்க, அவங்க ஒண்ணை எடுத்துக்கிட்டு மீதியப் பின்னால தள்ளுவாங்க, அதேதான்." முதல் விளக்கு தனக்கான 24 பிட்டை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்ததற்கு விடுகிறது. பிட் என்பது ஒரு மின்துடிப்பு. 0.4 மைக்ரோ நொடி நீடித்தால் பூஜ்யம், 0.8 நீடித்தால் ஒன்று. நான் உடனே "குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு" என்றேன். இப்போது அவளும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறாள். தமிழ் ஐயாக்கள் கவனிக்க.

என் முதல் தப்பு: பட்டைக்குக் கரண்டைப் பலகையிலிருந்தே எடுத்தேன். ஒரு விளக்கு வெள்ளையாக முழுசாக எரிந்தால் 60 மில்லியாம்பியர் வரை இழுக்கும். 120க்கு 7.2 ஆம்பியர். மடிக்கணினியின் யுஎஸ்பி தருவது அரை ஆம்பியர். முப்பது வருடம் ஓம் விதி நடத்தியவன் இந்தப் பெருக்கலைப் போடாமல் சுவிட்சைத் தட்டினேன். பலகை நின்று நின்று முழித்தது. அப்புறம் 5 வோல்ட், 10 ஆம்பியர் பவர் சப்ளை தனியாக வாங்கினோம்.

இரண்டாவது: அந்தப் பவர் சப்ளையின் நெகட்டிவையும் பலகையின் கிரவுண்டையும் சேர்க்க மறந்தேன். விளக்கெல்லாம் சாமி வந்த மாதிரி ஆடின. இரண்டு பேர் உயரம் ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே தரையில் நிற்க வேண்டும். எது குறில், எது நெடில் என்று அளக்கப் பொதுவான தரை வேண்டும். மூன்றாவது சின்ன விஷயம். அவள் சிவப்பு என்று எழுதினால் பச்சை எரிந்தது. புரோகிராமைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தேன். இந்த விளக்குகள் பச்சை, சிவப்பு, நீலம் என்ற வரிசையில்தான் கேட்கும் என்று நூலகக் குறிப்பில் எழுதியே இருந்தது. படிக்காமல் வாதாடியது நான்.

வளைவில் கட்டிய பிறகு வெள்ளை போட்டுப் பார்த்தோம். இந்தக் கடைசி வெள்ளை, அந்தக் கடைசி செம்மஞ்சள். இதை மட்டும் நான் கண்டுபிடித்தேன், பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். பட்டையின் செம்பு மெல்லியது, தூரம் போகப் போக வோல்டேஜ் இறங்குகிறது. சிவப்புக்கு 2 வோல்ட் சொச்சம் போதும், பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் பக்கம் வேண்டும். அதனால் அவை இரண்டும் முதலில் சோர்ந்துபோகின்றன, சிவப்பு மட்டும் தெம்பாக நிற்கிறது. பவர் சப்ளையிலிருந்து தடித்த வயர் இழுத்து அந்தக் கடைசியிலும் ஈயம் வைத்தேன். சரியாகிவிட்டது. முழுக்க 5 வோல்ட் என்பதால் பேத்தி வெறும் கையால் பட்டையைத் தொட்டு வேலை செய்தாள். 230 வோல்ட் நுழையும் பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் நான் தொடவிடவில்லை. எனக்கு அந்தக் கருகிய விரல்கள் ஞாபகம் வந்தன.

கடைசியாகப் புரோகிராம். வளைவைப் பத்துப் பத்து விளக்காகப் பன்னிரண்டு பாகம் பிரித்தாள். எந்த நேரத்தில் எந்தப் பாகம் எரிய வேண்டும் என்று திரையில் ஒன்றும் பூஜ்யமுமாக வரிசை வரிசையாக அடித்தாள். "அர்ரே தாத்தா, இதுக்குப் பேரு அர்ரே" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். பன்னிரண்டு வரிசை. குறுக்கே இருபத்துநாலு.

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. அவளிடம், "இதை நான் ஏற்கனவே பார்த்திருக்கேன்மா" என்றேன். "எங்க தாத்தா, யூடியூப்லயா?" என்றாள்.

அவள் வேலைக்கு அவள் பள்ளியில் சான்றிதழ் கொடுப்பார்கள். அதே 288 கட்டத்துக்கு நான் கொடுத்தது பெஞ்ச்.

இப்போதைய லைட் செட்காரர்கள் இரண்டு மூன்று பேரிடம் பேசினேன். பிக்சல் எல்.இ.டி. பலகை வைத்திருக்கிறார்கள், மெமரி கார்டு போடும் கண்ட்ரோலர் வைத்திருக்கிறார்கள். அம்மன், மயில், தாமரை எல்லாம் கார்டில் தயாராக வருகிறது, செருகினால் ஓடுகிறது. மழைக்கும் பயமில்லை, கரண்டும் கம்மி. குறை சொல்ல எனக்கு உரிமையில்லை, ராத்திரி முழுக்க விழித்திருப்பது அவர்கள்தான். ஆனால் விழுப்புரத்து மயிலும் வேலூர் மயிலும் இப்போது ஒரே மாதிரிதான் தோகை விரிக்கின்றன. "டிரம் எல்லாம் எங்க தாத்தா காலம் சார். விறகுக்குப் போட்டுட்டோம்" என்றார் ஒருவர்.

1987 மாணவர்களே, கடைசிக்கு முந்தின பெஞ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவனை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெயரை இங்கே எழுதவில்லை. அவன் திருப்பூர்ப் பக்கம் போனதாக ஒருவரும், பாண்டியில் எலக்ட்ரிகல் கடை வைத்திருப்பதாக இன்னொருவரும் சொன்னார்கள். யாருக்காவது தொடர்பு இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், பொதுவில் வேண்டாம். நானே நேரில் போகிறேன். அந்த நோட்டு அவனிடம் இருக்காது. ஆனால் வாழைப்பூ விரிவதற்கு எந்தக் கட்டம் கறுப்பு என்று அவனுக்கு ஞாபகம் இருக்கலாம். பேத்தி கேட்கிறாள். அடுத்த ஆடிக்கு அதைத்தான் ஓட விட வேண்டுமாம்.